யார் ஜெயித்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள்

2023 ஆகஸ்ட் 24, காலை ஆறரை மணி. முந்தின நாள் சாயங்காலம்தான் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியிருந்தது. ஆரணியில் எங்கள் தெருவே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அப்பா வழக்கம்போல தறியில் உட்கார்ந்துவிட்டார். நான் அதே அறையின் மூலையில் லேப்டாப்பில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் நடந்த விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் நிற்பது என்று கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நடத்துகிற விவாதம் அது. மேடையில் எட்டுப் பேர். எல்லாரையும்விட முன்னால் இருந்த டிரம்ப் வரவில்லை.

அப்பா தறியை நிறுத்தாமலே கேட்டார். "இன்னாடா பேசிக்கிறானுங்க?"

"அடுத்த பிரசிடென்ட்டுக்கு யார் நிக்கிறதுன்னு."

"துணிமணி பத்தி எதனா சொன்னானுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். "அவங்களுக்கும் நம்ம துணிக்கும் இன்னாப்பா சம்பந்தம்?"

அப்பா பதில் சொல்லவில்லை. இழை ஒன்று அறுந்திருந்தது. குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

மத்தியானத்துக்குள் நம்மூர் சேனல்களிலும் யூடியூபிலும் அந்த விவாதம் வந்துவிட்டது. வந்தது விவாதம் அல்ல, விவேக் ராமசாமி. பாலக்காட்டு வடக்கஞ்சேரிக் குடும்பம், வீட்டில் தமிழ் பேசுவாராம், மேடையில் மற்றவர்களை 'தெறிக்கவிட்டாராம்', நிக்கி ஹேலியோடு 'மோதினாராம்'. நானும் நாலு வீடியோ பார்த்தேன், ரெண்டை நண்பர்களுக்கு அனுப்பினேன். நாலிலும் யார் கலக்கினார், யார் சொதப்பினார் என்பது மட்டும் துல்லியமாக இருந்தது. யார் ஆட்சிக்கு வந்தால் எதற்கு எவ்வளவு வரி போடுவார்கள் என்பது ஒன்றிலும் இல்லை.

அந்த விவாதத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால்தான், அமெரிக்காவுக்குள் வருகிற எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் பத்து சதவீதம் வரி போடலாம் என்று டிரம்ப் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். அது ரகசியம் அல்ல, தேடினால் கிடைக்கும் செய்தி. நான் தேடவில்லை. எனக்குச் செய்தி சொன்னவர்களும் தேடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி, இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட ஐம்பது சதவீத வரி அமலுக்கு வந்தது. எங்கள் பட்டுச் சேலை உள்நாட்டில் விற்கிற சரக்கு, அதை அது நேராகத் தொடவில்லை. ஆனால் தறியை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போன பையன்கள் எங்கள் தெருவில் உண்டு. திருப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன் பண்ணி, ஓவர்டைம் நின்றுவிட்டது, ஊருக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றான். போனை வைத்த பிறகுதான் அப்பா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. துணிமணி பத்தி எதனா சொன்னானுங்களா?

அந்த அறையில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர். அதைக் கேட்டுச் சிரித்தவன் நான். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

*

அமெரிக்காவில் இந்த நோய் முற்றியிருக்கிறது. நாம் பார்த்துக் கற்றுக்கொண்டதும் அங்கிருந்துதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 ஆகஸ்ட் 6ஆம் தேதி க்ளீவ்லாண்டில் குடியரசுக் கட்சியின் முதல் விவாதம். போட்டியில் பதினேழு பேர். தேசிய அளவிலான ஐந்து கருத்துக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்து இடம் பிடித்தவர்களுக்கு மட்டும் பிரதான மேடை, மிச்சம் ஏழு பேருக்குச் சாயங்காலமே தனியாக ஒரு சின்ன மேடை என்று நடத்திய ஃபாக்ஸ் நியூஸ் முடிவுசெய்தது. ஒரு ஓட்டுகூடப் பதிவாகாத நேரம். கருத்துக் கணிப்பில் பெயர் வர வேண்டுமென்றால் டிவியில் வர வேண்டும், டிவியில் வர வேண்டுமென்றால் கருத்துக் கணிப்பில் பெயர் வர வேண்டும். அன்றைக்கு 2 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு சிபிஎஸ் நிறுவனத்தின் தலைவர் லெஸ் மூன்வெஸ், இந்தத் தேர்தல் அமெரிக்காவுக்கு நல்லதாக இல்லாமல் போகலாம், ஆனால் சிபிஎஸ்ஸுக்கு ரொம்ப நல்லது என்ற பொருளில் முதலீட்டாளர்கள் கூட்டத்தில் பேசினார். மனிதர் மறைக்கவாவது இல்லை.

நம்மூரில் மறைக்கிறார்கள். 'நடுநிலை', 'மக்கள் மேடை' என்று பெயர் வைத்துக்கொண்டு மறைக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு நாலு கட்டம், நாலு தலை, கீழே சிவப்புப் பட்டையில் ஒரு கேள்விக்குறி. மறுநாள் காலையில் அந்த ஒரு மணி நேரம் பத்துத் துண்டாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்பு: 'வெச்சு செஞ்ச', 'கதறவிட்ட', 'பங்கம் செய்த', 'வாயடைத்துப்போன', 'நெறியாளரையே திணறடித்த'. இந்த வினைச்சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றுகூட 'சொன்னார்' இல்லை, 'விளக்கினார்' இல்லை, 'ஒப்புக்கொண்டார்' இல்லை. எல்லாம் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்கிற வேலை. என்ன சொல்லிக் கதறவிட்டார் என்று கேட்டால், பார்த்த யாருக்கும் சொல்லத் தெரியாது. கதறினார் என்பது மட்டும் தெரியும்.

இதில் எனக்குப் பங்கில்லை என்று சொன்னால் பொய். சில வருஷங்களுக்கு முன்னால் வீடியோ சம்பந்தப்பட்ட ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு நீளமான வீடியோவில் எந்த இடத்தில் ஆட்கள் தங்குகிறார்கள், எந்த இடத்தில் ஓடிப்போகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிற திரையை எழுதிய குழுவில் நான் ஒருவன். அடுத்த கட்டமாக, கோடு ஏறுகிற இடத்தைத் தானாகவே வெட்டிக் கொடுக்கும் ஒரு கருவி செய்தோம். சோதிக்க எடுத்ததில் தமிழ் விவாத நிகழ்ச்சிகளும் இருந்தன. ஒருத்தர் புள்ளிவிவரம் சொல்ல ஆரம்பித்ததும் கோடு சரியும். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஏறும். பேச்சின் அர்த்தத்தைப் புரிந்துகொள்ள நாங்கள் ஒன்றும் எழுதத் தேவையிருக்கவில்லை. சத்தத்தின் அளவை எடுத்தாலே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. மீட்டிங்கில் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தக் கோடு மேலே போன இடமெல்லாம் இன்றைக்கு உங்கள் போனில் 'கதறவிட்ட' என்று வந்து நிற்கிறது.

*

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

ஆரணி மக்களவைத் தொகுதி, தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 2009இல்தான் முதல் தேர்தலைப் பார்த்தது. போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். 2009இல் காங்கிரஸ், 2014இல் அதிமுக, 2019இல் மறுபடி காங்கிரஸ், 2024இல் திமுக என்று மாற்றி மாற்றி ஜெயிக்கவைத்திருக்கிறோம். 2024 ஏப்ரல் 19ஆம் தேதி நடந்த வாக்குப்பதிவில் நாலில் மூணு பங்குக்கு மேல் ஆட்கள் போய் ஓட்டுப் போட்டார்கள். திமுக சார்பில் எம்.எஸ். தரணிவேந்தன், அதிமுக சார்பில் ஜி.வி. கஜேந்திரன், பாமக சார்பில் அ. கணேஷ்குமார் முக்கியமான போட்டியாளர்கள். தரணிவேந்தன் ஜெயித்தார்.

அந்தத் தேர்தலில் ஆரணியைப் பற்றி டிவியில் வந்ததையெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். அதிகம் இல்லை. 'நட்சத்திரத் தொகுதி' கிடையாது, சினிமாக்காரர் நிற்கவில்லை. வந்த கொஞ்சமும் ஒரே அச்சு: தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம், எந்தக் கூட்டணிக்கு யார் ஓட்டு போகும், யார் ஓட்டைப் பிரிப்பார். சாதிக் கணக்கே பேசக் கூடாது என்று சொல்ல வரவில்லை, கட்சிகள் அதைப் பார்த்துத்தான் சீட்டு கொடுக்கின்றன. ஆனால் அந்த விழுக்காட்டுக்குள் இருக்கிற ஆள் என்ன வேலை செய்கிறான், அந்த வேலை நடக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு சேனலின் வண்டி எங்கள் தெருவுக்கும் வந்தது. ஆரணி என்றால் பட்டு, பட்டு என்றால் தறி, ஆகவே தறியைப் படம் பிடிக்க வேண்டும். சத்தம் கேட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். "ஐயா, கொஞ்சம் ஓட்டுங்க, ஒரு ஷாட்" என்றார் கேமராக்காரர். அப்பா ஓட்டினார். ஜரிகை மினுக்குகிற மாதிரி கிட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். மைக்கை நீட்டி ஒரே ஒரு கேள்வி: "இந்தத் தடவை இங்க யாருங்க ஜெயிப்பாங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கச்சாப் பட்டு வெலைய கொறைக்கிறேன்னு யார் சொல்றாங்களோ..." என்று ஆரம்பித்தார். மைக் அதற்குள் பக்கத்து வீட்டு மாமாவிடம் போய்விட்டது. ராத்திரி டிவியில் அப்பாவின் கைகள் வந்தன, குரல் வரவில்லை.

வந்த பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே நாளில் நாலு ஊர் முடிக்கச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அப்பா முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்துக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லியாக வேண்டும். ஒரு மணி நேர விவாதத்துக்கு அதிலேயே சரக்கு இருக்கிறது.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டுக்கும் பட்டு நூலுக்குமான இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதற்குப் பின்வந்த மாதங்களில் பட்டு விலை ஏறிய ஏற்றத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. வரி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கொரோனா, சீனாவிலிருந்து வரத்து, கர்நாடகத்துக் கூட்டுச் சந்தை என்று பல காரணங்கள். ஆனால் வரியும் ஒன்று. நூல் விலை ஏறினால் முதலாளி பாவு கொடுப்பதைக் குறைப்பார். பாவு இல்லையென்றால் தறி சும்மா கிடக்கும். தறி சும்மா கிடந்தால் கூலி கிடையாது. இவ்வளவுதான் எங்கள் பொருளாதாரம்.

இப்போது இதன் மறுபக்கம். ஆரணியிலிருந்து சில மணி நேரம் பஸ்ஸில் போனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி. அங்கே மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். மலிவான சீனப் பட்டு வந்து இறங்கினால் அவர்களுடைய கூட்டுக்கு விலை கிடைக்காது. அவர்களுக்கு அந்த வரி வேண்டும். எங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம். ரெண்டு பேரும் நம் ஆட்கள், ரெண்டு பேரும் சொல்வது நியாயம். அரசாங்கம் என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி இடத்தில் முடிவெடுக்கத்தான். உன் கட்சி யார் பக்கம், வரி இருந்தால் நெசவாளிக்கு நூலில் என்ன மானியம், வரி போனால் விவசாயிக்கு என்ன பாதுகாப்பு? இதுதான் விவாதம். கிருஷ்ணகிரி விவசாயியையும் ஆரணி நெசவாளியையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் மூன்று வேட்பாளர்களை நிறுத்திக் கேட்டிருக்கலாம். யாரும் யாரையும் கதறவிட்டிருக்க மாட்டார்கள். கோடு சரிந்திருக்கும்.

இன்னும் இருக்கிறது. கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 1995-96இல் 65 லட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2009-10இல் 43 லட்சம், 2019-20இல் 35 லட்சம் என்று இறங்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே தறி இருந்த திண்ணைகளில் இப்போது பைக் நிற்கிறது. 2020 ஜூலை 27ஆம் தேதி ஒன்றிய அரசு அகில இந்திய கைத்தறி வாரியத்தையே கலைத்தது. பதினோரு நாள் கழித்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினத்துக்கு வாழ்த்தும் வந்தது. எந்தெந்தத் துணியைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று சொல்லும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலை விற்கப்படுவதும் இருக்கிறது. அந்த விசைத்தறியை ஓட்டுகிறவரும் கடன் வாங்கி மிஷின் போட்ட எங்கள் சொந்தக்காரராக இருப்பார். இதுவும் ரெண்டு பக்கம் உள்ள விவகாரம்தான். இது தவிர, ஆரணி வழியாகப் போகும் திண்டிவனம்-நகரி ரயில் பாதை 2006-07 நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் பெற்றது. இன்றைக்கும் எங்களுக்கு ரயில் என்றால் களம்பூரில் இருக்கிற 'ஆரணி ரோடு' ஸ்டேஷன்தான். மத்தியில் ரெண்டு கூட்டணியும் ஆண்டாகிவிட்டது. யாரிடம் என்ன பதில் இருக்கிறது?

ஒரு முழு மாதம் தேர்தல் செய்தி பார்த்த ஒருவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனால் எந்தத் தலைவர் எந்தத் தலைவருக்குச் 'செருப்படி பதில்' கொடுத்தார் என்று தேதிவாரியாகத் தெரிந்திருக்கும்.

*

தமிழ்நாட்டில் ஏப்ரல் 19இலேயே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். முடிவு ஜூன் 4. நடுவில் 46 நாள். தேர்தல் முடிந்துபோன ஒரு மாநிலத்தில், ராத்திரிதோறும் நாலு கட்டத்தில் ஆட்களை உட்காரவைத்து, யார் ஜெயிப்பார் என்று 46 நாள் பேச முடியுமா? பேசினார்கள்.

அந்த நாட்களில்தான் மே 9ஆம் தேதி முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் நரேந்திர மோடிக்கும் ராகுல் காந்திக்கும் ஒரு கடிதம் எழுதினார்கள். கட்சி சார்பில்லாத ஒரு மேடையில் இருவரும் நேருக்கு நேர் பொது விவாதத்துக்கு வர வேண்டும் என்று அழைப்பு. ராகுல் சம்மதம் சொன்னார். பாஜக தன் இளைஞரணித் துணைத் தலைவரை அனுப்புவதாகச் சொன்னது. விவாதம் நடக்கவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் அது நடக்காமல் போனதில் மட்டும் அல்ல. அதற்கடுத்த நாட்களில் நான் பார்த்த நிகழ்ச்சிகளில், விவாதம் நடக்குமா நடக்காதா என்று விவாதம் நடந்தது. அழைப்பை ஏற்றது 'மாஸ்டர் ஸ்ட்ரோக்'கா, மறுத்தது 'ராஜதந்திர'மா என்று நிபுணர்கள் சொன்னார்கள். நடந்தால் என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று பட்டியல் போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நடக்காத பந்தயத்துக்கும் வர்ணனை தயாராக இருந்தது.

ஜூன் 1 சாயங்காலம் வாக்குக் கணிப்புகள் வந்தன. பாஜக கூட்டணிக்கு 350, 400 என்றெல்லாம் கிராஃபிக்ஸ் பறந்தது. தமிழ்நாட்டில்கூட பாஜக சில இடங்களைப் பிடிக்கும் என்றார்கள். வந்தது 293. பாஜகவுக்குத் தனியாக 240. தமிழ்நாட்டில் பூஜ்யம், 39உம் திமுக கூட்டணிக்கு. தப்பாகச் சொன்ன நிபுணர்கள் ஜூன் 4 ராத்திரியே அதே கட்டத்தில் உட்கார்ந்து ஏன் இப்படி நடந்தது என்று விளக்கினார்கள். என் வேலையில் இவ்வளவு பெரிய தப்பு பண்ணினால், மறுநாள் என்னை மீட்டிங்குக்குக் கூப்பிடுவது விளக்கம் சொல்ல அல்ல.

*

உடனே ஒரு பதில் வரும் என்று தெரியும். "தம்பி, மக்கள் சண்டையைத்தான் பார்க்கிறாங்க. உன் கச்சாப் பட்டு வரியை எவன் பார்ப்பான்?"

இன்னொரு பதிலும் வரும், அது கொஞ்சம் நியாயமானது. கட்சிகளே உருப்படியான ஆளை அனுப்புவதில்லை. எந்த முடிவும் எடுக்கும் அதிகாரம் இல்லாத பேச்சாளர்களைத்தான் அனுப்புகின்றன. பிடிக்காவிட்டால் புறக்கணிக்கின்றன. 2021 ஜூலையில் அதிமுக டிவி விவாதங்களுக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்றது. 2023 செப்டம்பரில் இந்தியா கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரை வெளியிட்டு அவர்கள் நிகழ்ச்சிக்குப் போக மாட்டோம் என்றது. கேள்விக்குப் பயந்த கட்சிகளை வைத்துக்கொண்டு சேனல்காரன் மட்டும் என்ன செய்வான்?

இரண்டாவதற்கு முதலில் பதில். வராத நாற்காலியைக் காலியாகக் காட்டுங்கள். கேள்வியைத் திரையில் போடுங்கள், பதில் வரும்வரை தினமும் போடுங்கள். அவர் வரவில்லை என்பதற்காகத் தலைப்பை மாற்றி, வந்த நாலு பேரைக் கத்தவிடுவது ஊடகத்தின் முடிவு. அதைக் கட்சி தலையில் கட்ட முடியாது.

முதலாவது பதில்தான் எனக்கு எரிச்சல். மக்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்கிறவர்கள், பொறுமையை எப்போது சோதித்துப் பார்த்தார்கள்? 1948 மே 17ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தில், அதே குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் இருந்த தாமஸ் டூயியும் ஹெரால்ட் ஸ்டாசனும் ரேடியோவில் விவாதித்தார்கள். ஒரு மணி நேரம், ஒரே ஒரு கேள்வி: கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்ய வேண்டுமா? ஸ்டாசன் வேண்டும் என்றார், டூயி கூடாது என்றார். நாடு முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கூடாது என்ற டூயி அந்த மாநிலத்தில் ஜெயித்தார், வேட்பாளரும் ஆனார். அதே வருஷம் நவம்பரில், ஓட்டு எண்ணி முடிக்கும் முன்னாலேயே, ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று தலைப்புப் போட்டு ஷிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை அவமானப்பட்டது. ஜெயித்தது ட்ரூமன். விவாதத்தைப் பொறுமையாகக் கேட்ட மக்களும், யார் ஜெயிப்பார் என்று அவசரப்பட்ட பத்திரிகையும் ஒரே நாட்டில் ஒரே வருஷத்தில்தான் இருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் இலக்கியம் தெரிந்தவர்கள். குண்டலகேசி பௌத்தக் காப்பியம், அதை மறுத்து எழுதப்பட்ட சமணக் காப்பியம் நீலகேசி. குண்டலகேசி முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் மிச்சம். எதிர்த்த நீலகேசி கிடைத்திருக்கிறது, சக்ரவர்த்தி நயினார் அதை உரையோடு பதிப்பித்தார். அந்த நூலில் நீலகேசி பௌத்தரிடம் போகிறாள், ஆசீவகரிடம் போகிறாள், சாங்கியரிடம், வேதவாதியிடம் போகிறாள். ஒவ்வொருவரும் தன் கொள்கை என்ன என்று சொல்கிறார், அதற்கப்புறம்தான் மறுப்பு. எதிராளியின் வாதத்தைத் தன் நூலுக்குள்ளேயே எடுத்து வைத்து மறுக்கிற ஒழுக்கம். இன்றைய விவாதத் துண்டு எதையாவது ஆயிரம் வருஷம் கழித்து ஒருவன் கண்டெடுத்தால், எதிரில் இருந்தவரின் கருத்து என்ன என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியுமா? ஆரணிக்குப் பக்கத்தில் பூண்டியில் பழைய சமணக் கோயில் இருக்கிறது, இந்தப் பக்கம் முழுக்க நயினார் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் மண்ணுக்கு விவாதம் புதுசு அல்ல. அதை எட்டு மணிச் சண்டையாக்கியதுதான் புதுசு.

மக்கள் சண்டையைத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்ல என்னிடமும் ஒரு கோடு இருந்தது என்று முன்பே சொன்னேன். அந்தக் கோடு எதை அளந்தது என்பதை இப்போது நிதானமாக யோசிக்கிறேன். எவ்வளவு நேரம் கண் திரையில் இருந்தது என்பதை அளந்தது. பார்த்து முடித்தவனுக்கு ஏதாவது தெரிந்ததா என்பதை அது அளக்கவில்லை, அளக்க யாரும் எங்களிடம் கேட்கவும் இல்லை. ரோட்டில் ஆக்சிடென்ட் நடந்தால் எல்லாரும் நின்று பார்ப்போம். அதற்காக, ஜனங்களுக்கு ஆக்சிடென்ட் பிடிக்கும் என்று ரோட்டை அப்படியே போடுவார்களா?

*

இன்னும் தேர்தல்கள் வரப்போகின்றன. நாலு கட்டத்துக்குப் பதில் ஆறு கட்டம் வரும், கிராஃபிக்ஸ் இன்னும் பளபளக்கும். எனக்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டாம். கேட்பது கொஞ்சம்தான்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கேள்வி, ஒரு மணி நேரம். ஆரணிக்குக் கச்சாப் பட்டு. பக்கத்து ஊருக்கு நெல் கொள்முதல், இன்னொரு ஊருக்கு ஏரி. வேட்பாளர்கள் வரட்டும், பேச்சாளர்கள் வேண்டாம். கேள்வியை அந்த ஊர் ஆள் கேட்கட்டும், முழு வாக்கியத்தையும் முடிக்க விடுங்கள். மறுநாள் செய்தியில் யார் ஜெயித்தார் என்று போடாதீர்கள். யார் என்ன வாக்குக் கொடுத்தார், எதற்குப் பதில் சொல்லவில்லை என்று ரெண்டு வரி போடுங்கள். அந்த ரெண்டு வரியை அடுத்த வருஷம் அதே தேதியில் எடுத்துக் காட்டுங்கள். சேனல்காரர்களால் முடியாது என்றால், கேமரா வைத்த போன் எல்லார் கையிலும் இருக்கிறது. நாங்களே ஆரம்பிக்கிறோம்.

படிக்கிற உங்களிடமும் ஒன்று. நீங்கள் டிவியே பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வீர்கள், தெரியும். ஆனால் அந்தத் துண்டுகள் ஓடுவதே உங்களாலும் என்னாலும்தான். எதிர்க்கட்சிக்காரன் திணறுகிற நாற்பது வினாடியை அனுப்பும்போது நாம் அரசியல் பேசுவதாக நினைத்துக்கொள்கிறோம். அடுத்த முறை அனுப்புவதற்கு முன்னால், அந்த ஆள் திணறிய கேள்வி என்ன, அதற்குச் சரியான பதில் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் அந்தப் பதிலை அனுப்புங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா தறியில் இருந்தார், டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். தறிச் சத்தத்தில் அவர்கள் சொல்வது ஒன்றும் கேட்கவில்லை. "எதுக்குப்பா இதப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"எப்பனாச்சும் சொல்லுவானுங்கன்னுதான்" என்றார்.

"எதை?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது தெரியாதா என்கிற பார்வை. இந்தப் பாவு முடிந்தால் அடுத்த பாவு வருமா என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. டிவியிலும் யாரும் சொல்லவில்லை. இந்த முறை நான் சிரிக்கவில்லை.